ஏறி இறங்காத பாட்டு

தேனியில் நான் டயாலிசிஸுக்குப் போகும் ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், ஜன்னலை ஒட்டிய சுவரில் ஒரு கறுப்பு ஸ்பீக்கர் மாட்டியிருக்கும். அதன் பக்கவாட்டில் ஒரு பென் டிரைவ் எப்போதும் செருகியே கிடக்கும். அதில் இருக்கும் பாட்டுகளை யார் சேர்த்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. முன்பு வேலை பார்த்த சிஸ்டர் கொஞ்சம், வந்துபோன நோயாளிகளின் பிள்ளைகள் கொஞ்சம் என்று ஆளுக்குக் கொஞ்சமாக ஏற்றியது. கறுப்பு வெள்ளைக் காலத்துச் சினிமாப் பாட்டு, சாமி பாட்டு, ஜெபக்கூட்டத்துப் பாட்டு, போன தீபாவளிக்கு வந்த குத்துப் பாட்டு எல்லாம் வரிசை இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்.

நான் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. சிறுநீரகம் இரண்டும் நின்றுபோன பிறகு, வாரத்தில் மூன்று காலைகள் அந்த மாடிக்கு என்று ஆகிவிட்டன. போனதும் எடை பார்ப்பார்கள். பிறகு கட்டிலில் படுத்து ஒரு கையை நீட்டிக்கொடுத்தால் இரண்டு ஊசிகள் ஏறும். ஒன்றில் ரத்தம் வெளியே போகும், மற்றதில் சுத்தமாகித் திரும்பும். அது முடியும்வரை அந்தக் கையை அசைக்கக் கூடாது. புத்தகம் பிடிக்க முடியாது. ஒற்றைக் கையால் போனை நோண்டினாலும் கொஞ்ச நேரத்தில் கண் வலிக்கும். மிச்சம் இருப்பது காது மட்டும்தான். அதனால் அந்த ஸ்பீக்கர் எங்களுக்குப் பெரிய விஷயம்.

எங்கள் ஷிப்டில் வருகிறவர்கள் எப்போதும் அதே ஆட்கள்தான். ஸ்பீக்கருக்குக் கீழே, ஜன்னலோரக் கட்டிலில் ஜெயமங்கலத்துப் பெண் ஒருவர். வாழையும் நெல்லும் போடுகிற குடும்பம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழே டீக்கடை தெரியும். அக்காவின் வீட்டுக்காரர் காலை முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருப்பார். "அங்கன ஒக்காந்து எத்தன வடை திங்கிறாருன்னு இங்கனருந்தே பாத்துக்கிருவேன்" என்பார் அக்கா.

அக்காவுக்கு அடுத்தது என் கட்டில். அறையின் மறுகோடியில், சுவரை ஒட்டிய கட்டிலில் போடிக்காரர் ஒருவர். ஏலக்காய் வியாபாரம். கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்து, ஊசி ஏறுமுன் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொள்வார். எங்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் கம்பத்துப் பெண். கொஞ்ச காலம் கேரளத்தில் வேலை பார்த்தவள். அந்தப் பழக்கத்தில் என்னையும் அக்காவையும் மலையாளத்தில் சேச்சி என்பாள்.

பாட்டில் தொந்தரவு என்னவென்றால் சத்தம்தான். பழைய பாட்டு வந்தால் அடுத்த தெருவில் ஓடுவதுபோலக் கேட்கும். அண்ணாச்சி சும்மா இருக்கிற கையைத் தூக்குவார்.

"சிஸ்டர், பாட்டு ஓடுதாம்மா? கொஞ்சம் கூட்டுனா நல்லாருக்கும்."

ரிமோட் எப்போதோ தொலைந்துவிட்டது. சிஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிச் சத்தக் குமிழைத் திருகிக் கூட்டிவிட்டு வருவாள். அந்தப் பாட்டு முடியும். அடுத்தது புதுப் பாட்டாக இருந்தால் முதல் அடியே நெஞ்சில் விழும். எல்லாரும் பதறிப்போவோம். சிஸ்டர் கையில் எடுத்த வேலையை அப்படியே வைத்துவிட்டு ஸ்டூலுக்கு ஓடுவாள். குறைத்துவிட்டு இறங்குவாள். அடுத்து மறுபடி பழைய பாட்டு வரும், அண்ணாச்சியின் கை மறுபடி மேலே போகும்.

ஒருநாள் அவள் கூட்டிவிட்டு, வெளியே இன்னொருவருக்கு எடை பார்க்கப் போயிருந்தாள். ஜன்னலோரத்தில் அக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த பாட்டு தவிலும் கூச்சலுமாக வெடித்தது. தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர். அக்கா தூக்கத்தில் அலறிக் கையை உதறிவிட்டார். ஊசி நரம்பைக் குத்திக்கொண்டு வெளியே போய்விட்டது. மெஷின் கத்தத் தொடங்கியது. நான் படுத்த இடத்திலிருந்து "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டதைப் பாட்டுச் சத்தம் அமுக்கிவிட்டது. அவள் மெஷின் சத்தம் கேட்டு ஓடிவந்து நிறுத்துவதற்குள் அக்காவின் முழங்கைக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவு வீங்கிவிட்டது.

ஐஸ் வைத்தார்கள். கீழேயிருந்து அக்காவின் வீட்டுக்காரர் ஓடிவந்தார். "என்னாச்சு சிஸ்டர்? நீங்க எங்கன போனீக?" என்று குரலை உயர்த்தினார்.

அக்கா அந்த வலியிலும் அவரை அடக்கினார். "அந்தப் பிள்ளைய ஏன் வையுறீக? அவ ஒண்ணும் பண்ணல. நாந்தான் பதறிட்டேன்."

மறுகோடியிலிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. "என்னாலதாம்மா. நான்தான் கூட்டச் சொன்னேன்."

"விடுங்க அண்ணாச்சி. கை என் கை. அதுவாக் குதிச்சா நீங்க என்ன செய்வீக?"

அடுத்த தடவை நாங்கள் போனபோது ஸ்பீக்கரின் ஒயர் பிடுங்கிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. "டாக்டர் சொல்லிட்டாக சேச்சி. இனி பாட்டு கிடையாது" என்றாள் சிஸ்டர். டாக்டர் சொன்னதில் தப்பு இல்லை. அக்காவின் கை கருநீலமாகி, அது வெளுத்து மஞ்சளாகும்வரை வேறு இடம் தேடித்தான் ஊசி போட வேண்டியிருந்தது.

பாட்டு இல்லாமல் அந்த அறை எப்படி இருக்கும் என்று அதற்கு முன்பு எனக்குத் தெரியாது. மெஷின்களின் உறுமல், யாரோ இருமுவது, குளிருக்குப் போர்வையை இழுப்பது, அவ்வளவுதான். நாங்கள் தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். சத்தமில்லாத அறையில் நினைப்பெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே போய் நின்றது. "பாட்டு ஓடுனப்ப தாகம் இம்புட்டுத் தெரியலையே ஆத்தா" என்றார் அக்கா. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அண்ணாச்சிதான் ரொம்ப மாறிப்போனார். வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். வாய் திறந்து எதையும் கேட்பதில்லை. ஒருநாள் சிஸ்டர் தற்செயலாக அவர் பக்கம் போனவள், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்தாள். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டிருக்கிறது. டயாலிசிஸில் அது எல்லாருக்கும் வருவதுதான். உயிர் போகிற வலி. கூப்பிட்டால் உடனே சரிசெய்துவிடுவார்கள்.

"கூப்பிட்டிருக்கலாமே அண்ணாச்சி" என்றாள் காலைப் பிடித்து நீவிக்கொண்டே.

"எதுக்கும்மா ஒனக்குச் சிரமம். ஏற்கனவே ஒரு தடவ கூப்பிட்டது போதும்."

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா படுத்திருக்க முடியவில்லை. கிளம்பும்போது சிஸ்டரிடம் அந்தப் பென் டிரைவைக் கேட்டேன். "எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துட்டா, குமிழத் தொடவே வேண்டாம்ல? பாத்துட்டுத் தாரேன்" என்றேன். அவள் நம்பிக்கை இல்லாமல்தான் எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு எழுத்தின் அளவும் நிறத்தின் அளவும் தெரியும். சத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. டயாலிசிஸ் முடிந்த நாளில் படுத்தே கிடப்பேன். மறுநாள் அச்சகம் விட்டு வந்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பாட்டைத் திறந்தேன். அலை அலையாக ஒரு படம் வந்தது. எனக்குப் படம் என்றால் பழக்கம்தானே. எல்லாப் பாட்டின் அலையையும் ஒரே உயரத்துக்கு இழுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இழுத்தேன். போட்டுப் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. பழைய பாட்டில் எங்கோ ஓரிடத்தில் ஒரு தாளம் ஓங்கி விழுந்திருக்கிறது. அந்த ஒரு அலை உச்சியைத் தொட்டு நிற்கிறது, மற்றதெல்லாம் கீழே கிடக்கிறது. புதுப் பாட்டிலோ தொடக்கத்திலிருந்து கடைசிவரை எல்லா அலையும் உச்சியிலேயே நிற்கிறது. உயரம் ஒன்றுதான். காதுக்குத்தான் ஒன்று முணுமுணுப்பாகவும் ஒன்று கூப்பாடாகவும் கேட்கிறது.

சரி என்று பழைய பாட்டை வம்படியாக மேலே ஏற்றினேன். பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியதுபோலக் கரகரத்தது.

என் வீட்டுக்காரர் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர். சமையலறையில், எனக்கு ஆகாத சத்து இறங்கட்டும் என்று காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "யாரு அது, ரேடியோவ மிதிச்சிட்டாகளா?" என்றார்.

இரண்டு மூன்று சாயங்காலம் தேடிப் படித்ததில் விஷயம் பிடிபட்டது. மெல்லிய பாட்டை ஏற்றக் கூடாது, கத்துகிற பாட்டை இறக்க வேண்டும். மொத்தமும் தாழ்வாக வந்துவிட்டால் ஸ்பீக்கரை ஒரே தடவை கூட்டி வைத்துக்கொண்டால் போதும். அலையின் உச்சியைப் பார்க்காமல், மனிதக் காதுக்கு அந்தப் பாட்டு சராசரியாக எவ்வளவு சத்தமாகப் படும் என்று கணக்கிட்டுச் சொல்கிற இலவச மென்பொருள் ஒன்றும் கிடைத்தது. பென் டிரைவில் இருந்தது அத்தனையையும் அதில் போட்டேன். வரிசையாக அளந்து, இந்தப் பாட்டு இவ்வளவு குறைய வேண்டும், இது இப்படியே இருக்கலாம் என்று காட்டியது. சரி என்று அழுத்தினேன்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் தலையணையை எடுத்து வந்து தரையில் போட்டு மல்லாந்து படுத்தார். ஒரு கையை என்னைப்போலவே நீட்டி வைத்துக்கொண்டார். "நான்தான் நோயாளி. நீ பாட்டப் போடு" என்றார். சிரித்துக்கொண்டே போட்டேன். ஒரு பழைய பாட்டு, ஒரு குத்து, ஒரு சாமி பாட்டு. ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம்கூட அசையவில்லை. நாலாவது பாட்டில் குறட்டை விட்டார். விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் போகிறவர். எழுப்ப மனசில்லாமல் பாட்டை ஓடவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றுவதற்கு முன்பு போட்டுக் காட்டச் சிஸ்டரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, வீங்கி ஆறிய கையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். நான் பெருமையாகப் பென் டிரைவைச் செருகினேன். முதல் பாட்டு மெதுவாக வந்தது. அதைத் தாண்டி அடுத்ததைத் தட்டியதும் பழையபடி அதே வெடி. சிஸ்டர் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினாள்.

"ஏத்தா, இதுக்கா மூணு நாளு ஒக்காந்து பாத்த? என்னயக் கொல்லணும்னா நேரடியாச் சொல்லிரு" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் அவ்வளவு ஒழுங்காக ஓடியது இங்கே ஏன் இப்படி? அன்று முழுக்க ஊசியோடு படுத்துக்கொண்டு ஒற்றைக் கையால் போனில் அதைத்தான் தேடினேன். காரணம் சின்னதுதான். அந்த மென்பொருள் பாட்டைத் தொடவே இல்லை. 'இதைக் குறைத்துப் போடு' என்று ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ஒரு குறிப்பை மட்டும் ஒட்டியிருக்கிறது. என் கம்ப்யூட்டருக்கு அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்திருந்தது. சுவரில் மாட்டிய ஸ்பீக்கருக்குத் தெரியவில்லை.

குறிப்பு ஒட்டாமல் பாட்டின் உள்ளேயே மாற்றி எழுதும் வழியும் அதே மென்பொருளில் இருந்தது. பழையதை எல்லாம் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு அப்படிச் செய்தேன். இந்த முறை கம்ப்யூட்டரை நம்பவில்லை. வீட்டுக்காரரின் வேனில் செருகி, கம்பம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்வந்தோம். குமிழை அவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

மறுபடி ஆஸ்பத்திரியில் போட்டபோது அக்கா காதைப் பொத்திக்கொண்டு தயாராக இருந்தார். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு என்று போய்க் கையை மெல்ல இறக்கினார். சிஸ்டர் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். மெஷின் அலாரம் அடித்தால் பாட்டைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று அலாரத்தை அடிக்கவிட்டுப் பார்த்தார். கேட்டது. "குமிழ இனி யாரும் தொடக் கூடாது" என்றார். சிஸ்டர் ஸ்டூலில் ஏறி, சரியான அளவில் குமிழை வைத்து, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள்.

அன்று அக்கா நன்றாகத் தூங்கினார். சிஸ்டர் ஓடாமல் நடந்து வேலை பார்த்தாள். நான் அண்ணாச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் சுவரைப் பார்க்காமல் மல்லாந்து படுத்து, தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். என் கண்ணைப் பார்த்ததும் சிரித்தார். எனக்கும் மனசு நிறைந்தது. அப்புறம்தான் கவனித்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியிலும் அவர் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

முடிந்து போகும்போது படிக்கட்டில் அவரோடு சேர்ந்து இறங்கினேன்.

"பாட்டு கேட்டுச்சா அண்ணாச்சி?"

"அருமையாக் கேட்டுச்சும்மா. நல்ல காரியம் பண்ணுன."

"கடைசியா என்ன பாட்டு ஓடுச்சு?"

அவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பிறகு வெட்கத்தோடு சிரித்தார். "மெஷின் பாட்டுத்தான் கேட்டுச்சு. இந்த எடது காது செத்துப்போயி வருசமாச்சு. வலது காது சொவரப் பாத்துல்ல இருக்கு. ஒன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல."

எல்லாப் பாட்டையும் அளந்தவள், கேட்கிறவரின் காது எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு தடவையும் பார்த்திருக்கவில்லை.

அடுத்த முறை இதை அக்காவிடம் சொன்னேன். ஏதாவது வழி கேட்டுச் சொல்லவில்லை, மனசு தாங்காமல்தான் சொன்னேன். டயாலிசிஸ் அறையில் கட்டில் என்பது வீட்டு மனைமாதிரி. யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். அக்காவுக்கு அந்த ஜன்னலும் டீக்கடையும் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அக்கா அன்று முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியைப் பிடுங்கிப் பஞ்சு வைத்துக் கட்டிய பிறகு மறுகோடிக்குப் போய் நின்றார்.

"அண்ணாச்சி, அடுத்த தடவ நீங்க அங்கன படுங்க. நான் இங்கன வாரேன்."

"வேண்டாம்மா. அது ஒன் எடம்."

"நான் என்ன பத்திரம் போட்டா குடுக்கேன்? படுத்துப் பாருங்க. கேக்கலன்னா நானே திரும்ப வாங்கிக்கிறேன்."

"ஒன் வீட்டுக்காரரப் பாக்க முடியாதே."

"கல்யாணம் ஆன நாளாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார் அக்கா.

இடம் மாறினார்கள். ஜன்னலோரக் கட்டிலுக்குத் தலைமாடு எதிர்ப்பக்கம் என்பதால், அதில் படுத்ததும் அண்ணாச்சியின் வலது காது ஸ்பீக்கர் பக்கம் வந்தது. சிஸ்டர் பாட்டைப் போட்டாள். ஒரு நிமிஷம் அவர் அசையாமல் கிடந்தார். பிறகு பழையபடி கையைத் தூக்கினார். இங்கேயும் கேட்கவில்லையா?

"சிஸ்டர், கொஞ்சம் கொறைக்கலாமாம்மா?" என்றார்.

அறையே சிரித்துவிட்டது. சிஸ்டர் பிளாஸ்திரியைக் காட்டி, "டாக்டர் ஆர்டர்" என்றாள். அண்ணாச்சியும் சிரித்துக்கொண்டே கையை இறக்கினார்.

அதன் பிறகு ஆட்கள் தங்கள் பாட்டுகளை என்னிடம் கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினார்கள். போனில் அனுப்புவார்கள். அளந்து, இறக்கி, பென் டிரைவில் சேர்ப்பேன். அண்ணாச்சி தங்கள் சபையின் பாடகர் குழு பாடியதைக் கொடுத்தார். அக்கா மட்டும் எதுவும் தரவில்லை. கேட்டால், "எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது" என்பார். ஒருநாள் தானாகவே போனை நீட்டினார். ஜெயமங்கலத்துச் சாமி கும்பிடு திருவிழாவில் அவருடைய தம்பி உறுமி மேளம் அடித்ததை யாரோ போனில் பதிந்திருந்தார்கள்.

அதையும் மற்றதுபோலவே அளந்து இறக்கிச் சேர்த்தேன். ஓடியபோது மறுகோடியிலிருந்து அக்கா தலையைத் தூக்கினார்.

"இது என்னத்தா இது? எந்தம்பி பட்டினியாக் கெடந்தா அடிச்சான்? சாமி எப்பிடி எறங்கும் இதுக்கு?"

உண்மைதான். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்று வைத்ததில் அந்த உறுமி யாரோ மேசையைத் தட்டுவதுபோல ஆகிவிட்டது. மற்றவர்கள் திடுக்கிடாத அளவில் எவ்வளவு ஏற்றலாம் என்று வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் அதை மட்டும் மற்ற பாட்டுகளைவிடக் கொஞ்சம் தூக்கலாக வைத்தேன். தொடக்கத்தில் மெல்ல வந்து போகப்போக ஏறும்படியும் செய்தேன். சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அது ஓடிய நாளில் டாக்டர் சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். சிஸ்டர் என்னைப் பார்த்தாள். உறுமி ஏறிக்கொண்டே போனது. அவர் அண்ணாச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தலையைத் தூக்கி ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"இது என்ன பாட்டு?"

"எங்கூரு சாமிக்கு அடிச்சது சார். எந்தம்பிதான் அடிக்கான்" என்றார் அக்கா. "சத்தமா இருந்தா நிப்பாட்டச் சொல்லிருவோம்."

"வேண்டாம், ஓடட்டும்" என்று சொன்ன டாக்டர், அடி முடியும்வரை அங்கேயே நின்றுவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

அக்கா ஊசி இல்லாத கையால் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துச் சிஸ்டரிடம் நீட்டினார். "ஏத்தா, எந்தம்பி நம்பரக் கொஞ்சம் அமுக்கித் தா. டாக்டரே நின்னு கேட்டாகன்னு அவன்ட்டச் சொல்லணும்."